மண்புழுவைக் காசு கொடுத்து வாங்கிய கோடை

என் மகள் கையில் எடுத்துப் பார்த்த முதல் மண்புழு செத்த புழு. ஒன்றிரண்டு இல்லை, தொட்டியில் இரண்டு கிலோ செத்துக் கிடந்தது. போன மே மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. அவளுக்கு அப்போது நாலரை வயது. முன்னாடியே யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து எனக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் புழுக்கள் பிழைத்திருக்கும். 4,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் குழந்தை மூன்று வாரம் ராத்திரி ராத்திரி காலைச் சொறிந்துகொண்டு அழுதிருக்க மாட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு மண்புழுவைக் காட்ட நினைக்கிற வேறு யாரும் இதில் மாட்டக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆரம்பித்தது என்னால்தான். நாங்கள் இருப்பது திருச்சியில். ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை பெய்து விட்டதும் வாசல் படியில் ஒரு மண்புழு ஏறி வந்தது. மகள் குனிந்து தொடப் போனாள். நான் யோசிக்காமல் "ச்சீ, தொடாதே!" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் தரையில் நூல் கிடந்தாலும் "ச்சீ, புழு" என்று அலற ஆரம்பித்தாள். எனக்கு மனசு உறுத்தியது. லால்குடி பக்கம் பாட்டி வீட்டில் வாய்க்கால் கரையைத் தோண்டி, கொட்டாங்குச்சியில் நாக்குப்பூச்சி என்கிற மண்புழுவைச் சேர்த்து, மாமாவின் தூண்டிலுக்குக் கொடுத்த பிள்ளை நான். அந்தக் கையோடு வளர்ந்தவள் என் மகளுக்கு அருவருப்பை மட்டும் கொடுத்துவிட்டேனே என்று இரண்டு நாள் புழுங்கினேன். பெரியவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் எதற்கு முகம் சுளிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார்கள். முதலில் பழக வேண்டியது நாம்தான். இப்போது எனக்கு அருவருப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டு "எங்கே போகுது பாரு" என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, கோடை விடுமுறையில் தெருவில் இருக்கும் மூன்று முதல் ஆறு வயது வரையான ஆறு பிள்ளைகளைச் சேர்த்து, வாரம் இரண்டு நாள் காலையில் மண்ணும் புழுவும் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பொருள் வாங்க வீட்டுக்கு 500 ரூபாய் என்று மொத்தம் 3,000 வாங்கினேன். அப்புறம் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் தோண்டிப் பார்த்தேன். ஒரு முழ ஆழம் போயும் ஒரு புழு இல்லை. நம் மண்ணில் புழுவே அழிந்துவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டே விலைக்கு வாங்கக் கிளம்பினேன். அங்கேதான் முதல் தப்பு. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. மேல்மண் காய்ந்து சுடும்போது அது ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, சுருண்டு, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். மே மாதத்துத் திருச்சி வெயிலில் மேலே தேடினால் எப்படிக் கிடைக்கும்? நான் தேடியதில் தப்பில்லை, தேடிய மாதம்தான் தப்பு. புழு பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் நம் பக்கம் சரியான காலம். விடுமுறை கோடையில் வருகிறது என்பதற்காகப் புழு கோடையில் வராது.

உரம் தயாரிக்கும் ஒரு இடத்தில் கிலோ 450 ரூபாய்க்கு இரண்டு கிலோ வாங்கினேன். அவர்கள் கொடுத்தது ஆப்பிரிக்க மண்புழு. உரத் தொட்டிகளுக்கென்று பரவலாக விற்பது அந்த வகையைத்தான். அது சாணத்திலும் மட்கிய குப்பையிலும் மேலாப்பில் வாழ்கிற புழு. நம் தோட்டத்து மண்ணைத் துளைத்து, மண்ணைத் தின்று, மேலே வந்து குருணை குருணையாக எச்சம் போடுகிற புழுக்கள் வேறு வகை. தமிழ்நாட்டில் மண்புழு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருகிற சென்னைப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், லாம்பிட்டோ மாரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற உள்ளூர் வகைகளை வைத்துத்தான் வேலை செய்தார், உள்ளூர்ப் புழுவே போதும் என்றும் தொடர்ந்து சொல்லி வந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் வாங்கியவை பிழைத்திருந்தாலும் பிள்ளைகளுக்கு நான் காட்ட நினைத்த சுரங்கம் தோண்டுகிற வேலையைச் சரியாகக் காட்டியிருக்காது.

அவை பிழைக்கவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பால்காரர் கொட்டகையிலிருந்து இரண்டு வாளி புதுச் சாணம் வாங்கி வந்து, ஊறவைத்த தென்னைநார்க் கழிவோடு கலந்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டில் நிரப்பி, புழுவைக் கொட்டி, தப்பித்துப் போய்விடக் கூடாதே என்று மூடியையும் போட்டு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தேன். ஞாயிறு முழுக்க வெளியூரில் ஒரு கல்யாணம். திங்கள் காலை ஆறு பிள்ளைகளும் மாடியேறி வந்து நிற்க, நான் மூடியைத் திறந்தேன். அந்த நாற்றத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. செத்த மண்புழு உடம்பு விட்டுக் கரைந்துபோகும், முழுசாகக்கூடக் கிடக்காது. தொட்டியின் ஓரத்தில், ஏறித் தப்பப் பார்த்த இடத்தில், கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. கையை விட்டால் உள்ளே சுட்டது. புதுச் சாணம் மட்கும்போது சூடாகும், அமோனியாவும் கிளம்பும். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் அலசாமல் போடக் கூடாது. மேலே கூரைச் சூடு, காற்றுப் போக வழியில்லாத மூடி. இவற்றில் ஒன்றே போதும் கொல்ல, நான் நான்கையும் செய்திருந்தேன். தொட்டி வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் சாணத்தை நிழலில் பரப்பி, பதினைந்து இருபது நாள் கிளறிக் கிளறி நாற்றமும் சூடும் போனபின் போடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. முதலில் ஐந்தே ஐந்து புழுவை விட்டு ஒரு நாள் பாருங்கள். அவை உள்ளே இறங்கி நன்றாக இருந்தால்தான் மற்றவற்றை விடலாம்.

பண இழப்பைவிட அன்றைக்கு நான் சொன்ன பொய்தான் இன்னும் வலிக்கிறது. மகள் ஒன்றைக் கையில் எடுத்து "அம்மா, இது ஏன் ஆடலை?" என்றாள். மற்றப் பிள்ளைகள் முன்னால் எனக்கு வாய் வரவில்லை, "தூங்குதும்மா" என்றேன். மறுநாள் காலையில் கண் விழித்ததும் அவள் கேட்டது "புழு எழுந்துடுச்சா?" என்றுதான். நான் அதற்குள் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். வெறும் தொட்டியின் முன்னால் அவள் நின்ற நிலையைப் பார்த்தபின் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். அம்மா சூடான இடத்தில் வைத்துவிட்டேன், அதற்கு மூச்சு முட்டிவிட்டது, செத்துப்போய்விட்டது, தப்பு என்னுடையது. அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் அதற்கப்புறம் தூங்கப் போகப் பயப்படவில்லை. தூக்கத்தையும் சாவையும் சின்னப் பிள்ளைகளிடம் ஒன்றாக்கிச் சொல்லாதீர்கள்.

காசு வாங்கியாயிற்று, பிள்ளைகளும் ஆசையாக வருகிறார்கள், எதையாவது காட்டியாக வேண்டும் என்ற தவிப்பில் அடுத்த தப்பைச் செய்தேன். தெருமுனையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேப்பமர நிழலில் மணல் குவித்திருந்தது. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி வழிந்து அடிமணல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். புழு இல்லாவிட்டாலும் தோண்டி விளையாடட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கவிட்டேன். ராத்திரியில் தெருப் பூனைகளும் நாய்களும் அங்கேதான் வருகின்றன என்று எனக்குத் தெரியாமல் இல்லை, தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து மகளின் வலது பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு. பகலில் சும்மா இருக்கும், ராத்திரியானால் அரிப்பு உயிரை எடுக்கும். மருந்துக் கடையில் காட்டினேன், படர்தாமரை என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். குறையவில்லை. வேறு களிம்பு, அப்புறம் இன்னொன்று. ஏறத்தாழ மூன்று வாரம் போயிற்று, மூன்று களிம்புக்கு 410 ரூபாய். அந்தக் கோடு நாளுக்கு நாள் நீண்டு, ஆறு வளைந்து ஓடுவதைப்போல நெளிநெளியாகப் போய்க்கொண்டே இருந்தது. பேனாவால் அதன் முனையில் புள்ளி வைத்தேன். மறுநாள் காலையில் கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது. பயந்துபோய்த் தோல் மருத்துவரிடம் ஓடினேன். அவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். நாய், பூனைக் கழிவில் இருக்கும் ஒருவகைக் கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமணலில் காத்திருக்கும், வெறுங்காலில் ஏறும். மனித உடம்பு அதற்கு ஏற்ற இடமில்லை என்பதால் உள்ளே போக முடியாமல் தோலுக்கடியிலேயே அலையும். அவள் எடைக்கு ஏற்ற மாத்திரை கொடுத்தார். ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அவருக்கு 500, மருந்துக்கு 270. முதல் நாளே போயிருந்தால் பிள்ளை இத்தனை பட்டிருக்க மாட்டாள். நெளிந்து நெளிந்து நகர்கிற கோடு படர்தாமரை இல்லை. படர்தாமரை வட்டமாகப் பரவும். இந்த வித்தியாசம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் செய்தி தெருவெங்கும் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மண்புழுவுக்கும் நாக்குப்பூச்சி என்றுதான் பேர், வயிற்றுப் பூச்சிக்கும் அதே பேர். அத்தை "நாக்குப்பூச்சிய நோண்டுனா நாக்குப்பூச்சிதான் வரும்னு அப்பவே சொன்னேன்" என்றார். இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை, ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். 3,000 ரூபாயையும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். அந்த நடை எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. ஆனால் அவர்கள்மேல் கோபம் இல்லை. பயம் நியாயமானது, பயந்த இடம்தான் மாறிவிட்டது. மண்புழுவைத் தொடுவதால் வயிற்றில் பூச்சி வராது. வயிற்றுப் பூச்சியின் முட்டை மனிதக் கழிவு கலந்த மண்ணில் இருந்து நகக்கண் வழியாக வாய்க்குப் போகிறது. கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாக ஏறுகிறது. புழுவைக் குற்றம் சொல்லிவிட்டு அதே மணல் குவியலில் பிள்ளைகளை விளையாடவிட்டால் என்ன பயன்? அதைத்தான் அந்த அம்மாக்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். கேட்டார்கள், முழுசாக நம்பவில்லை. இன்னொன்று, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். பிப்ரவரியில் சளி என்று என் மகளுக்குத் தவறவிட்டிருந்தேன். ஆகஸ்டில் மறக்கவில்லை.

இனி இந்தப் பக்கமே போவதில்லை என்றுதான் இருந்தேன். அக்டோபரில் மழை பிடித்தபின் மகளே ஆரம்பித்தாள். "இப்ப சூடு இல்லைல, புழு வருமா?" கரூர் சாலையில் காவிரி ஓரம் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் எங்களுக்குப் பழக்கம். முதல் நாள் நான் மட்டும் தனியாகப் போனேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும், பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன் இடத்தை ஒரு தடவை நாம் பார்த்துவிட வேண்டும். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி மருந்து பற்றித்தான். அவர் கையை நீட்டி, "அந்த எட்டு வரிசைப் பக்கம் வேண்டாம்மா, குருணை போட்டிருக்கேன். இந்தப் பக்கம் ரெண்டு வருசமா சாணியும் தழையும்தான்" என்றார். வாழைக்கு வைக்கிற குருணை மருந்து கடும் விஷம், மண்புழுவையும் கொல்லும், பிள்ளைகள் கைக்கும் ஆகாது. நாய் வருமா, ஆட்கள் ஒதுங்கும் இடமா என்பதையும் கேட்டுக்கொண்டேன். கூச்சப்பட்டால் வேலை ஆகாது. வாழைச் சருகுக்கு அடியில் பூரான், தேள், சில சமயம் பாம்பும் இருக்கும் என்பதால் சருகைப் பெரியவர்கள்தான் நீளக் குச்சியால் புரட்ட வேண்டும், அப்புறம்தான் பிள்ளைகள் கை.

இந்த முறை மூன்று பிள்ளைகள் வந்தார்கள். எல்லோர் காலிலும் மூடிய செருப்பு, நகம் முந்தின நாளே வெட்டியாயிற்று. கோடையில் 600 ரூபாய்க்கு வாங்கின கையுறையையும் சின்ன மண்வெட்டியையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். கையுறை போட்ட சின்னக் கைக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது, நசுக்கிவிடும். உலோக மண்வெட்டி வெட்டிவிடும். வெறும் கையை வாளித் தண்ணீரில் நனைத்துக்கொள்வதுதான் சரி. காய்ந்த கை புழுவின் தோலை உலர்த்தும். உள்ளங்கையில் கொஞ்சம் ஈரமண்ணை வைத்து, அதன்மேல் புழுவை விட்டு, கையைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் மட்டும் பிடிக்கச் சொன்னேன், பயந்து உதறினாலும் அடிபடாமல் இருக்க. மகள் முதல் பத்து நிமிடம் என் புடவைக்குப் பின்னால் நின்றாள். நான் வற்புறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு விரலை நீட்டினாள். "அம்மா, குளுகுளுன்னு இருக்கு."

முதலில் அவர்கள் கண்டுபிடித்தது புழு இல்லை, எச்சம். வாழை அடியில் ஈரமான சின்னச் சின்ன மண் உருண்டைகள் குவிந்து கிடந்தன. எதிர்வீட்டு மூன்று வயதுப் பையன் "யாரு பக்கோடா போட்டது?" என்று கேட்டான். குவியலுக்குக் கீழே மெதுவாகப் பறித்தால் புழு. புழு இருக்கும் இடத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. அடுத்து நான் படித்து வைத்திருந்த ஒன்றைச் செய்தேன். மொடமொடப்பான காகிதத்தில் புழுவை ஊரவிட்டு, எல்லோரையும் மூச்சடக்கிக் காதைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அதன் அடிப்புறம் நெடுகக் கண்ணுக்குத் தெரியாத முள்மயிர்கள் இருக்கின்றன, அவற்றை ஊன்றித்தான் நகர்கிறது. காகிதத்தில் அது கீறுகிற சத்தம் நிஜமாகவே கேட்டது. ஓயாமல் கத்துகிற அந்த மூன்று பேரும் ஒரு நிமிடம் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்தார்கள். கண் எங்கே என்று தேடினார்கள். கண் கிடையாது, ஆனால் வெளிச்சத்தைத் தோல் உணரும் என்றேன். நம்பவில்லை. டார்ச்சை அடித்தோம், தலையை இழுத்துக்கொண்டது. சிவப்புக் கண்ணாடித் தாளை டார்ச்சில் சுற்றி அடித்தோம், பேசாமல் போய்க்கொண்டே இருந்தது. சிவப்பு வெளிச்சம் அதற்கு உறைக்காது. இந்த ஒன்றைப் பத்துத் தடவை செய்யச் சொன்னார்கள். ஆறு வயதுக்காரி "இதுல அம்மா எது, அப்பா எது?" என்று கேட்டாள். ஒவ்வொன்றும் இரண்டும்தான் என்றேன். பெரியவர்களுக்குத்தான் அது வியப்பு, அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விட்டாள்.

ஒரு வருத்தமும் நடந்தது. எதிர்வீட்டுப் பையனின் அண்ணன், ஐந்து வயது, ஒன்றைக் குச்சியால் இரண்டாக அறுத்துவிட்டு "இப்ப ரெண்டு புழு" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாரோ பெரியவர்கள் சொன்னதைத்தான் செய்து பார்த்தான். தலைப்பக்கம் சில சமயம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும், வால்பக்கம் பெரும்பாலும் செத்துவிடும், இரண்டு புழுவாகாது என்று சொன்னேன். மேலேயிருந்த பாதி துடிப்பது நிற்கும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். திட்டவில்லை. குழி தோண்டி மண் போட அவனையே கூப்பிட்டேன். உப்புப் போட்டுப் பார்ப்பது, வெயிலில் விட்டுப் பார்ப்பது போன்ற விளையாட்டுகளையும் கிளம்பும் முன்னாலேயே கூடாது என்று சொல்லிவிடுங்கள், நடந்தபின் சொல்வது பிள்ளைக்குப் பாரமாகிவிடுகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்தது மூன்றே மூன்று புழு. ஊறுகாய் பாட்டிலில் ஒரு விரற்கடை செம்மண், ஒரு விரற்கடை மணல் என்று மாறி மாறிப் போட்டு, நனைத்து, மேலே மட்கிய வாழைச் சருகைக் கிள்ளிப் போட்டு, வாய்க்குத் துணி கட்டி, சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டி, சமையலறை மேடைக்கு அடியில் வைத்தேன். தாளை எடுத்துப் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடம். மூன்றாம் நாள் கண்ணாடியோரம் ஒரு சுரங்கம் தெரிந்தது. எட்டாம் நாள் செம்மண்ணும் மணலும் கலங்கிப்போய்க் கோடுகளே இல்லை, சருகில் பாதியைக் காணோம். அன்று அத்தையும் குனிந்து பார்த்தார். "எங்க அப்பா வயல்ல ஏர் ஓட்டுறப்ப கொக்கு பின்னாலயே வரும், இதத் தின்னத்தான்" என்று மகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பத்தாம் நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் அதே வாழைத் தோட்டத்தில், எடுத்த இடத்திலேயே விட்டோம். வாங்கின புழுவையோ வேறு இடத்துப் புழுவையோ கண்ட இடத்தில் விடக் கூடாது.

இரண்டாம் முறை மொத்தம் ஆன செலவு ஷேர் ஆட்டோவுக்கு 240, சோப்பு ஒன்றுக்கு 35, அந்த அண்ணனிடம் வாங்கின ஒரு சீப்புப் பூவன்பழத்துக்கு 40. சோப்புப் போட்டுக் கை கழுவி முடித்தபின்தான் பழம், அதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மேல்மண் சீக்கிரம் காய ஆரம்பித்துவிடும், பிள்ளைகளைக் கூட்டிப் போக நினைப்பவர்கள் மழை நின்று இரண்டு நாளுக்குள், காலை ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.